நோயாளியை இழந்தவர்களின் துக்கம்

ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்வோருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு பாடம்



நம்மில் ஒருவர் வீட்டில் மரணம் நேர்ந்தால் செய்யவேண்டியது இன்னதென்று யாவரும் அறிவோம். கோவில் மணி அடிக்கிறது. தெருவே திரண்டு வருகிறது. உறவினர் கட்டியழுகிறார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அண்டை வீட்டார் கஞ்சி கொண்டு வருகிறார்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு என்று பூசை கேட்கிறார்கள். இப்படித் துக்கத்துக்கு ஒரு வழியும் வரம்பும் நம் முன்னோர் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதே மரணம் ஆஸ்பத்திரியில் நேர்ந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலருகே ஒரு நர்ஸ் நின்றாள். பத்து நாள் மருந்து கொடுத்தவள் அவளே. புண்ணைத் துடைத்துக் கட்டினவளும், இரவு இரண்டு மணிக்கு நோயாளி தண்ணீர் கேட்டபோது தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தவளும் அவளே. உயிர் பிரிந்ததும் அவளே கண்களை மூடுகிறாள்; தாடையைக் கட்டுகிறாள்; உடலைத் துடைக்கிறாள்; புத்தகத்தில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடுகிறாள். ஒரு மணி நேரத்திற்குள் கட்டிலில் புது விரிப்பு; புது விரிப்பின்மேல் புது நோயாளி. அந்த நர்சுக்கு யார் கஞ்சி கொண்டு வந்தார்கள்? அவளுக்கு எத்தனையாவது நாள் பூசை?

நம் பங்குகளில் மகள் நர்சாக, மகன் டாக்டராக, மருமகள் ஆம்புலன்சில், தம்பி வார்டு ஊழியனாக இருக்கும் குடும்பங்கள் குறைவல்ல. ஆகையால் இவ்வாரம் இவர்களுடைய துக்கத்தைப்பற்றிக் கொஞ்சம் படிப்போம். இது எத்தன்மையது, இதைத் தாங்கத் தப்பான வழிகள் எவை, நல்ல வழிகள் எவை, வீட்டார் செய்யவேண்டியது என்ன என்று முறையாகப் பார்ப்போம்.

1. இந்தத் துக்கம் எத்தன்மையது?

“தினமும் சாவைப் பார்க்கிறவர்களுக்குத் துக்கமேது? பழகிப்போயிருக்கும்” என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். பாம்பாட்டிக்கும் பாம்பு விஷம்தான். பழக்கம் கைக்கு நடுக்கத்தைக் குறைக்குமேயன்றி மனதுக்குப் பாரத்தைக் குறைக்கும் என்பது நிச்சயமில்லை.

சாகும் பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்யும் டாக்டர்களையும் நர்சுகளையும் பற்றி நெடுநாள் ஆராய்ந்தவர் கிரேக்க நாட்டு மனோதத்துவப் பேராசிரியை டனாயி பாபடாட்டு. ஒரு நோயாளி இறக்கும்போது ஊழியர் இழப்பது ஒன்றல்ல, பல என்று அவர் எடுத்துக்காட்டினார். தினமும் முகம் பார்த்துப் பழகிய மனிதரை இழக்கிறார்கள். குணப்படுத்தலாம் என்று வைத்திருந்த எண்ணத்தை இழக்கிறார்கள். தாய் தகப்பன் கதறுவதைக் கண்டு அவர்களுடைய வேதனையில் பங்கு கொள்கிறார்கள். முன்னே தங்கள் சொந்த வீட்டில் நேர்ந்த சாவு மறுபடி நினைவுக்கு வருகிறது. தாங்களும் ஒருநாள் இக்கட்டிலில் கிடக்கவேண்டியவர்களே என்ற எண்ணமும் எழுகிறது. தன் மகன் வயதுள்ள ஒரு பையன் விபத்தில் அடிபட்டு வந்து கண்முன் இறந்தால், அன்றிரவு அந்த நர்ஸ் வீட்டுக்குப் போய்த் தூங்கும் மகனின் மூச்சைக் காதுகொடுத்துக் கேட்பாள். ஏனென்று யாருக்கும் சொல்லமாட்டாள்.

நல்ல மனதுள்ள ஊழியர் இத்துக்கத்தோடு ஒருவாறு முன்னும் பின்னும் போய் வருகிறார்கள் என்றும் அப்பேராசிரியை கண்டார். சற்று நேரம் துக்கத்தை உணர்கிறார்கள். சற்று நேரம் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டியவையே. எப்போதும் அழுதுகொண்டிருந்தால் அடுத்த நோயாளிக்கு ஊசி போட முடியாது; எப்போதும் ஒதுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே புழுங்கிப் புண்ணாகும்.

மற்றொன்றும் உண்டு. அமெரிக்க நாட்டுப் பேராசிரியர் கென்னத் டோக்கா 1989-ல் வெளியிட்ட நூலில், உலகம் உரிமை கொடுக்காத துக்கம் என ஒருவகைத் துக்கத்தைப் பிரித்துச் சொன்னார். மனைவி அழலாம், மகன் அழலாம். அவர்களுக்கு ஊர் வழிவிடும். ஆனால் சிலருக்கு, “நீ யார் அழுவதற்கு? உனக்கு என்ன உறவு?” என்ற கேள்விதான் கிடைக்கும். ஆஸ்பத்திரி ஊழியரின் துக்கம் இவ்வகையைச் சேர்ந்தது. அவர்களுக்குச் சாவு வீட்டில் இடமில்லை, விடுமுறையில்லை, ஆறுதல் கடிதமில்லை. துக்கம் இருக்கிறது; அதை வைக்கத்தான் இடமில்லை.

2. முதல் தப்பு வழி: கல்லாகிப்போதல்

இந்தத் துக்கத்தைத் தாங்க முடியாதபோது மனிதர் முதலில் தேடுவது கடினப்படுவதையே. ஒருவர் மட்டுமல்ல, ஒரு ஆஸ்பத்திரி முழுவதுமே இப்படிக் கடினப்பட்டுப்போகலாம் என்பதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ஒன்றுண்டு.

லண்டன் நகரத்தில் ஒரு பெரிய பொது ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸ் படிப்புக்கு வரும் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே போய்விட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஊழியத்தை ஆராய இசபெல் மென்ஸீஸ் என்ற அம்மையார் வந்தார். அவர் கண்டதை 1959, 1960-ம் ஆண்டுகளில் எழுதி வெளியிட்டார். அங்கே நோயாளியைப் பேர்சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை; இத்தனையாம் கட்டிலின் ஈரல், இத்தனையாம் கட்டிலின் நிமோனியா என்றுதான் பேச்சு. ஒரு நர்ஸ் ஒரு நோயாளியோடு நெடுநேரம் தங்காதபடி வேலைகள் சிறுசிறு துண்டுகளாய்ப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு வார்டில் மனம் ஊன்றுமுன் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு செய்கையையும் ஒருவருக்கு மேல் ஒருவர் சரிபார்ப்பார்கள்; தீர்மானிக்கும் பொறுப்பு யார்மேலும் முழுவதும் விழாது.

இவையெல்லாம் ஒழுங்கு என்ற பேரில் நடந்தன. உண்மையிலோ அவை பயத்துக்கும் துக்கத்துக்கும் எதிராக எழுப்பிய மதில்கள் என்று அவ்வம்மையார் கண்டார். மதில் காப்பாற்றினதா? இல்லை. துக்கம் தணியவில்லை, அதோடு புதுச் சஞ்சலங்களும் சேர்ந்தன. நோயாளியை நேசித்துப் பணிசெய்து அதில் கிடைக்கும் மனநிறைவும் போய்விட்டது. விட்டுப்போனவர்களுள் மனமுதிர்ச்சி பெற்ற, ஊழியத்துக்கு ஏற்ற பெண்கள் பலர் இருந்தார்கள் என்பதே வருத்தத்துக்குரிய சங்கதி. இரும்பாய் இருக்கக் கற்றுக்கொடுத்த இடத்தில் சதையுள்ள இருதயங்கள் நிற்கமாட்டாமல் வெளியேறின.

டாக்டர்களுக்கும் இதே கதைதான். கனடா நாட்டில் புற்றுநோய் டாக்டர்கள் 20 பேரை உட்காரவைத்து விரிவாய்ப் பேசிக் கண்ட ஆராய்ச்சி ஒன்று 2012-ல் வெளிவந்தது. நோயாளி இறந்தபின் துக்கமும், தோற்றுப்போனோம் என்ற எண்ணமும், தங்கள் திறமைமேலேயே சந்தேகமும் வருவதாகப் பாதிப் பேருக்கு மேல் சொன்னார்கள். தூக்கம் கெட்டது, அழுதோம் என்றவர்களும் உண்டு. ஆனால் அதை வெளியே காட்டுவது பலவீனம் என்றெண்ணி மறைத்தார்கள். மறைத்த துக்கம் சும்மா இருந்ததா? சிலர் சாகும் தறுவாயிலுள்ள நோயாளியின் அறைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்கள். சிலர், பயன் குறைந்த சிகிச்சையை நிறுத்த மனமில்லாமல் மேலும் மேலும் கொடுத்தார்கள். டாக்டரின் அழாத கண்ணீர் இப்படி நோயாளியின்மேல் வந்து விழுகிறது. ஆதலால் இது டாக்டரின் சொந்த விஷயம் மட்டுமல்ல; நாளை அக்கட்டிலில் படுக்கவேண்டிய நம் எல்லாருடைய விஷயமும் ஆகும்.

3. இரண்டாம் தப்பு வழி: எல்லாவற்றையும் தன்மேல் போட்டுக்கொள்ளுதல்

மற்றச் சிலர் நேர் எதிரான பக்கம் சாய்கிறார்கள். “நான் பத்து நிமிஷம் முன்னே பார்த்திருந்தால்!” “நான் விடுப்பில் போகாமல் இருந்திருந்தால்!” என்று இரவெல்லாம் தங்களையே கூண்டில் ஏற்றி, தாங்களே வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்து தண்டனை விதித்துக்கொள்கிறார்கள்.

இங்கே மனச்சாட்சியைப்பற்றித் திருச்சபை சிறுவயதில் நமக்குப் படிப்பித்தது உதவும். ஒரு செயல் குற்றமாவதற்கு அறிவு வேண்டும், மனச்சம்மதம் வேண்டும். கெட்ட முடிவு வேறு, கெட்ட செயல் வேறு. எனவே துக்கப்படும் ஊழியர் தன்னிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். அந்நேரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது என்ன? என் கையில் செய்யக்கூடியதாக இருந்தது என்ன? தெரிந்தும் முடிந்தும் வேண்டுமென்று விட்டேனா? பின்னால் தெரிந்ததைக்கொண்டு முன்னால் செய்ததைத் தீர்ப்பிடுவது நீதியல்ல. மூன்றாம் கேள்விக்கு விடை “இல்லை” என்றால், உள்ளே எரிவது பாவத்தின் நெருப்பல்ல, அன்பின் நெருப்பு. அதற்கு வேண்டியது ஆறுதலேயன்றித் தண்டனையல்ல.

மெய்யாகவே தவறு நேர்ந்திருந்தாலோ? மருந்தின் அளவு மாறிப்போயிருக்கலாம். கவனிக்கவேண்டியதைக் கவனியாமல் இருந்திருக்கலாம். அப்போது மறைப்பது மருந்தல்ல. மேலதிகாரிக்கு உண்மையைச் சொல்லவேண்டும். குடும்பத்தாருக்கும் உண்மை தெரிவிக்கப்படவேண்டும். அத்தவறு மறுபடி நேராதபடி வழிசெய்ய உதவவேண்டும். ஆல்பர்ட் வூ என்னும் அமெரிக்க டாக்டர் 2000-ம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஒரு தவறால் முதலில் காயப்படுவது நோயாளி, இரண்டாவதாகக் காயப்படுவது தவறு செய்த ஊழியர் என்றார். முதல் காயத்தை மறக்கக்கூடாது. இரண்டாவதை இல்லையென்று சொல்லவும் கூடாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் கற்பதும் இதுவே: உண்மையைச் சொன்னவனே பாரம் இறங்கி வெளியே வருகிறான்.

4. துக்கத்தை விதையாக்கினவர்

தப்பு வழிகளைப் பார்த்தோம். இனி, துக்கத்தை ஒளிக்காமலும் அதில் மூழ்காமலும் அதைக்கொண்டே உலகுக்கு நன்மை செய்த ஒருவரைப் பார்ப்போம். அவர் இங்கிலாந்தில் 1918-ல் பிறந்த ஸிஸிலி ஸாண்டர்ஸ். நம் சபையைச் சேர்ந்தவரல்ல, ஆங்கிலிக்கன் சபையார். ஆயினும் நம் கன்னியாஸ்திரீகளிடம் ஊழியம் செய்து கற்றவர்.

உலக யுத்தக் காலத்தில் அவர் நர்சானார். முதுகுவலியால் அவ்வேலையைத் தொடர முடியாமல், ஆஸ்பத்திரியில் ஏழை நோயாளிகளின் குடும்பக் காரியங்களைக் கவனிக்கும் உத்தியோகத்துக்கு மாறினார். அங்கே டேவிட் டாஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். வார்சா நகரத்திலிருந்து வந்த யூதர், சொந்தபந்தம் யாருமில்லை, நாற்பது வயதிலே புற்றுநோய். சாகிறவர்கள் வேதனையின்றி, அவசரமின்றி, மனிதராய் மதிக்கப்பட்டுச் சாக ஒரு வீடு வேண்டுமென்று இருவரும் பேசிக்கொள்வார்கள். 1948-ல் டாஸ்மா இறந்தார். தம்மிடமிருந்த 500 பவுனை ஸாண்டர்சுக்கு எழுதிவைத்து, அந்த வீடு கட்டும்போது அதில் ஒரு ஜன்னலாகத் தாம் இருப்பதாகச் சொல்லிப்போனார்.

வீடோ இல்லை, ஜன்னலுக்கு மட்டும் பணம் இருந்தது! துக்கத்தோடு அவர் என்ன செய்தார்? சாகிறவர்களுக்கு உதவவேண்டுமானால் டாக்டராகிவிட்டு வா என்று ஒரு டாக்டர் சொன்ன ஆலோசனையைக் கேட்டு, முப்பது வயதுக்கு மேல் மருத்துவப் படிப்பில் சேர்ந்து 1957-ல் டாக்டரானார். 1958 முதல் லண்டன் ஹாக்னியில் பிறரன்புக் கன்னியர் 1905-ல் தொடங்கி நடத்திவந்த அர்ச். சூசையப்பர் இல்லத்தில் ஊழியம் செய்தார். வலி வந்தபின் மருந்து என்றில்லாமல், வலி தலைதூக்குமுன் வேளை தவறாமல் மருந்து கொடுக்கும் முறையை அங்கே வேரூன்றச் செய்தார்.

அங்கேயும் துக்கம் விடவில்லை. 1960-ல் அவர் மனதார நேசித்த ஒரு போலந்து நோயாளி இறந்தார். ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் நெடுநாள் பழகிய ஒரு நோயாளி அம்மாளும் அவருடைய சொந்தத் தகப்பனாரும் காலமானார்கள். மூன்று துக்கங்களும் ஒன்றோடொன்று பின்னி, எதற்காக அழுகிறோம் என்றே பிரித்தறிய முடியாத நிலை. ஆயினும் அவர் ஓடிப்போகவில்லை. அழுதார், ஜெபித்தார், ஊழியம் செய்தார். 1967-ல் லண்டன் ஸிடன்ஹாமில் அர்ச். கிறிஸ்தோப்பர் இல்லம் திறக்கப்பட்டது. டாஸ்மா இறந்து பத்தொன்பது வருடம் கழித்து அவருடைய ஜன்னல் சுவரில் ஏறியது. இன்று உலகமெங்கும் நடக்கும் அந்திமகாலப் பராமரிப்பு ஊழியம் அங்கேதான் வலுப்பெற்றது. நம் நாட்டிலும் 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் தொடங்கிய நோவு தணிப்புச் சங்கம் அதே வழியில் வளர்ந்த மரம்.

ஸாண்டர்ஸ் தமது இல்லத்தில் ஊழியரை மறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். காலின் மறி பார்க்ஸ் என்னும் மனநோய் டாக்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இறந்தவரின் குடும்பத்தார் துக்கத்தைக் கவனித்ததோடு, தாதியரின் துக்கத்துக்கும் இடம் வகுத்தார். அழும் இருதயம் ஊழியத்துக்குத் தடையல்ல. அழ இடமில்லாமைதான் தடை.

5. ஆஸ்பத்திரிகள் கண்ட சில நல்ல வழிகள்

சிறு மௌனம். அமெரிக்காவில் வர்ஜீனியா சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் ஜொனதன் பார்ட்டெல்ஸ் என்ற நர்ஸ் ஒரு வழக்கத்தைத் தொடங்கி, 2014-ல் அதைப்பற்றி எழுதினார். ஒருவர் இறந்ததும், அறையிலுள்ள எல்லாரும் ஓடிப்போகாமல், கட்டிலைச் சுற்றிச் சிறிது நேரம் அமைதியாய் நிற்பார்கள். இவர் ஒருவருக்கு மகன், ஒருவருக்குத் தகப்பன், நேசிக்கப்பட்டவர் என்று ஒருவர் நினைவூட்டுவார். பின் மௌனம். எந்த மதத்தாரும் தம்தம் மனதில் வேண்டிக்கொள்ளலாம். செலவு ஒரு காசுமில்லை. பல நாடுகளில் இதைப் பின்பற்றுகிறார்கள்.

இது நமக்குப் புதிதென்று நினைக்கவேண்டாம். நோயாளிகளுக்கும் நர்சுகளுக்கும் பாதுகாவலரான அர்ச். கமில்லுஸ் தெ லெல்லிஸ் 1614-ல் மரித்தவர். ஆஸ்பத்திரியில் உயிர் முற்றும் பிரியுமுன்னே அவசரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டவர்களும் உண்டு என்று கண்ட அவர், கடைசி மூச்சு நின்றதாகத் தோன்றிய பின்னும் கால் மணி நேரம் ஜெபத்தை நிறுத்தக்கூடாது, முகத்தை மூடவும் கூடாது என்று தம் சபையாருக்குக் கட்டளையிட்டதாக அவருடைய சரித்திரத்தில் வாசிக்கிறோம். அந்தக் கால் மணி இறக்கிறவருக்கு நன்மை. அருகே நிற்கிறவருக்கும் நன்மை.

கூடிப் பேசுதல். பாஸ்டன் நகரத்து வக்கீல் கென்னத் ஷ்வார்ட்ஸ் நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்தார். மருந்தைவிடத் தமக்குத் தெம்பளித்தது நர்சுகளும் டாக்டர்களும் காட்டிய சிறு அன்புகளே என்று சாகுமுன் எழுதினார். அவர் பேரால் தொடங்கிய நிலையத்தின் முயற்சியால், 1997 முதல் அவ்வூர் ஆஸ்பத்திரியில் ஊழியர் கூடும் கூட்டம் ஆரம்பமாயிற்று. அங்கே சிகிச்சை சரியா தப்பா என்று விவாதிப்பதில்லை. அந்த நோயாளி என் மனதை என்ன செய்தார் என்று மூன்று நான்கு பேர் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்டுத் தங்கள் அனுபவத்தைச் சேர்ப்பார்கள். பெரிய டாக்டரும் வரலாம், தரை துடைக்கிறவரும் வரலாம். பெரிய டாக்டர், “அந்தக் குழந்தை போனபோது நானும் காரில் உட்கார்ந்து அழுதேன்” என்று சொல்லும்போது, மூலையிலிருக்கும் இளம் நர்ஸ், தான் பலவீனமானவளல்லவென்று அறிந்துகொள்கிறாள்.

வழித்துணை. மேற்சொன்ன முறைகள் இல்லாத ஆஸ்பத்திரிகளே நம்மிடம் அதிகம். ஆனால் மூத்த நர்ஸ் ஒருத்தி, முதல் சாவைப் பார்த்த இளம் நர்சைத் தனியே அழைத்து, “வா தங்கச்சி, ஒரு வாய் காப்பி குடி” என்று சொல்ல எந்த அரசாங்க உத்தரவு வேண்டும்? அவள் முதல் தடவை உடலைத் துடைக்கும்போது கூட நிற்க எந்தச் சட்டம் தடுக்கிறது? முதல் சாவை அவள் எப்படிக் கடந்தாள் என்பது, இன்னும் பல வருடம் அவள் எப்படிப்பட்ட நர்சாயிருப்பாள் என்பதில் பெரும் பங்கு கொள்ளும்.

6. சில கேள்விகளும் விடைகளும்

கேள்வி: நோயாளியின் முன்னே நர்ஸ் அழலாமா?
விடை: கண் கலங்குவது குற்றமல்ல. எத்தனையோ குடும்பத்தார், “எங்கள் அப்பாவுக்காக அந்த நர்சம்மாவும் கண் கலங்கினார்கள்” என்பதையே ஆறுதலாய் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் குடும்பத்தார் நம்மைத் தேற்றவேண்டிய நிலை வரக்கூடாது. அப்படிப் பொங்கிவந்தால் சற்று ஒதுங்கி அழுதுவிட்டு வரலாம்.

கேள்வி: அழுவது விசுவாசக் குறைவல்லவா?
விடை: அல்ல. லாசரைச் சற்று நேரத்தில் உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்தும் நம் ஆண்டவர் அக்கல்லறையருகே கண்ணீர் விட்டார் என அர்ச். அருளப்பர் எழுதியிருக்கிறார். அர்ச். சின்னப்பரும் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது துக்கத்தை விலக்கவில்லை. நம்பிக்கையற்ற துக்கத்தையே விலக்கினார்.

கேள்வி: ஜெபம் ஒன்றே போதாதா? பேச்சும் கூட்டமும் எதற்கு?
விடை: ஜெபம் வேர். ஆனால் கால் முறிந்தவனுக்கு ஜெபத்தோடு கட்டும் போடுகிறோமே. மனதுக்கும் அப்படியே. கெத்சமெனித் தோட்டத்தில் ஜெபித்த ஆண்டவரே, மூன்று சீஷர்களை அருகே இருக்கும்படி கேட்டார்.

கேள்வி: எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?
விடை: தூக்கமின்மை வாரக்கணக்காய் நீடித்தால், அதே காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வந்தால், மதுவோ தூக்க மாத்திரையோ துணையாகிவிட்டால், வேலைக்குப் புறப்படும்போதே நெஞ்சு படபடத்தால், யார் செத்தாலும் ஒன்றுமே தோன்றாமல் மரத்துப்போனால், சாகலாம் என்ற எண்ணம் வந்தால். கடைசியாகச் சொன்னது வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இந்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

7. வீட்டார் செய்யவேண்டியது

இப்பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. ஏனெனில், ஆஸ்பத்திரியைத் திருத்துவது நம் கையில் இல்லை. நம் வீட்டைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது.

முதலாவது, வேலை முடிந்து வருகிறவளை வாசலிலேயே வேலைக்கு இழுக்காதீர்கள். இரவு முழுவதும் ஒரு சாவோடு போராடிவிட்டு வந்தவளிடம், “இட்லிக்கு அரிசி ஊறப்போடவில்லையே” என்று தொடங்கினால் அவள் எங்கே போவாள்? முகம் கழுவ, சற்று உட்கார, அரைமணி கொடுங்கள்.

இரண்டாவது, பேரைக் கேட்காதீர்கள், பாரத்தைக் கேளுங்கள். நோயாளியின் பேரும் நோயும் வெளியே சொல்லக்கூடாத இரகசியம். “யார் செத்தது? எந்தத் தெரு?” என்று துளைப்பது அவளைப் பாவத்துக்கு இழுப்பது. “இன்றைக்கு மனதுக்குக் கஷ்டமான நாளா, அம்மா?” என்று கேட்டாலே போதும். சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் பக்கத்தில் இருங்கள்.

மூன்றாவது, “இதெல்லாம் உன் வேலைதானே, சம்பளம் வாங்குகிறாயே” என்று சொல்லவேண்டாம். சம்பளம் கைக்குக் கொடுப்பது. கண்ணீருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

நான்காவது, அந்நிய தேசத்தில் வேலைசெய்யும் மகளோடு பேசும்போது, பணம் அனுப்பினாயா என்ற கேள்விக்கு முன்னே, சாப்பிட்டாயா, தூங்கினாயா, மனம் எப்படியிருக்கிறது என்று கேளுங்கள். 2020, 2021-ம் வருடங்களின் கொரோனாக் காலத்தில், குடும்பத்தார் அருகே வரக் கூடாதென்றிருந்தபோது, சாகிறவர் காதருகே டெலிபோனைப் பிடித்துப் பிள்ளைகளின் குரலைக் கேட்கவைத்தவர்கள் இப்படிப்பட்ட மகள்களே. அவர்களுள் அநேகர் அந்தப் பாரத்தை இன்னும் முழுதும் இறக்கிவைக்கவில்லை.

ஐந்தாவது, நம் சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்தால், கோபத்தை ஊழியர்மேல் கொட்டாதீர்கள். சந்தேகமிருந்தால் முறைப்படி கேட்க உரிமையுண்டு. கைநீட்டவும் கண்ணாடியை உடைக்கவும் உரிமையில்லை. நன்றாய்ப் பார்த்துக்கொண்டவர்களை மறக்கவும் வேண்டாம். முப்பதாம் நாள் கழிந்தபின் ஒருவர் அந்த வார்டுக்குப் போய், “எங்கள் அம்மாவைக் கடைசிவரை கவனித்தீர்கள், மறக்கமாட்டோம்” என்று சொல்லிவரட்டும். இந்த ஒரு வார்த்தை அவர்களை இன்னும் பல இரவுகள் நிற்கவைக்கும்.

இவ்வாரத் தீர்மானம்

ஆஸ்பத்திரி ஊழியர் இருக்கும் வீட்டார் ஒவ்வொருவரும் இவ்வாரம் ஒரு மாலை அவரோடு கால் மணி நேரம், டெலிபோனையும் ரேடியோவையும் டெலிவிஷனையும் நிறுத்திவிட்டு உட்காருங்கள். குடும்ப ஜெபமாலை முடிவில், “இவ்வாரம் எங்கள் கையில் மரித்தவர்களுக்காக” என்று அவரே கருத்துச் சொல்லட்டும்; பேர் வேண்டாம். வீட்டார் எல்லாரும் ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள்.

ஊழியம் செய்யும் பிள்ளைகளே, நவம்பர் மாதம் ஆத்துமாக்களுக்காகப் பேர் எழுதிக் கொடுக்கும்போது உங்கள் வீட்டாரின் பேர்களோடு நிறுத்தவேண்டாம். “நான் கண்மூடிவிட்டவர்கள் எல்லாரும்” என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அவர்கள் பேரை நீங்கள் மறந்திருந்தாலும் சர்வேசுரன் அறிவார். உங்கள் துக்கத்துக்கும் அந்தப் பூசையில் ஓர் இடம் உண்டு.